நீந்தத் தெரிந்த பெண்களைத் தேடி

திருச்சி விமான நிலையத்தில் என்னுடைய செங்கல் மாட்டிக்கொண்டது.

நிஜச் செங்கல் இல்லை. கறுப்பு ரப்பரில் செய்த, கை கனக்கிற கட்டி. குளத்தின் அடியில் போட்டுவிட்டு, மூழ்கி எடுத்து வா என்று சொல்வோம். உயிர்காப்பாளர் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு வைக்கிற பரீட்சைகளில் அது ஒன்று. வளைகுடாவிலிருந்து வருகிற விமானத்தில், துண்டில் சுற்றிய கனமான கறுப்புக் கட்டியைப் பார்த்தால் சுங்க அதிகாரிக்கு என்ன தோன்றும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

"இது என்னம்மா?" என்றார்.

"செங்கல்" என்றேன்.

"வெளிநாட்டுலேருந்து செங்கல் கொண்டாறீங்களா?"

எனக்குப் பின்னால் போர்வைப் பொட்டலங்களோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கட்டியை மறுபடியும் எக்ஸ்ரேக்குள் அனுப்பினார். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நான் நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டி, பரீட்சையைப் பற்றி விளக்கிச் சொன்னேன்.

"உங்க தமிழ் சிலோன் தமிழ் மாதிரி இருக்கே."

"ஓம், திருகோணமலை."

"தண்ணியில போட்டுட்டு அதையே திரும்ப எடுக்கறது. அதுக்குச் சம்பளம் வேற" என்று தலையை ஆட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

சம்பளம் உண்மைதான். நான் வளைகுடாவில் ஒரு தண்ணீர்ப் பூங்காவில் பல வருடங்கள் உயிர்காப்பாளராக இருந்து, இப்போது பயிற்சி கொடுக்கிறவளாக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் ஒரே ஒரு பூங்காவோடு தொடங்கியது. அப்போது பக்கத்து நாட்டில் இரண்டாவது கட்டி முடியும் நிலையில் இருந்தது. மூன்றாவதற்கு இன்னொரு நாட்டில் இடம் பார்த்தாகியிருந்தது. புதிய பூங்காவில் சரிபாதி பெண்களுக்கு மட்டும். வாசல், மதில், சறுக்குகள், அலைக்குளம் எல்லாம் தனி. அந்தப் பக்கம் ஆண்கள் காலெடுத்து வைக்க முடியாது. ஆகவே தண்ணீருக்குக் காவல் இருக்கவும் பெண்கள் வேண்டும்.

வழக்கமாக ஆள் எடுக்கிற நாடுகளின் பெயர்களைக் கூட்டத்தில் வாசித்தபோது நான் கையைத் தூக்கினேன். தமிழ்நாட்டில் காவிரி ஓடுகிற பக்கம் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்றேன். எங்கள் மேலாளர் பெய்ரூட்காரர். "அங்கே பெண்கள் நீந்துவார்களா?" என்று கேட்டார். வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். விரல்களை விரித்தது மாதிரி ஆறுகள். "இவ்வளவு தண்ணீர் இருக்கிற இடத்தில் நீந்தாமல் எப்படி இருப்பார்கள்?" என்றேன். "சரி, போய் வா. ஆள் கிடைக்காவிட்டால் பழைய இடத்திலேயே எடுத்துவிடுவேன்" என்றார். வரைபடத்தை மட்டும் நம்பிப் பேசிவிட்டேன் என்பது தஞ்சாவூருக்குப் போனபிறகுதான் விளங்கியது.

அழைத்துப் போக வந்த கார் டிரைவரின் பெயர் ஆரோக்கியசாமி. நாகப்பட்டினத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, "நான் கடக்கரையில பொறந்தவன் மேடம். இன்னிக்கு வரைக்கும் நீச்சல் தெரியாது. எங்கம்மா விடல" என்றார். பெரிய ரகசியத்தைச் சொன்னவர் போல உடனே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

காலையில் தங்குமிடத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இட்லிக்குக் கடப்பா வைத்தார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்த வெள்ளைக் குழம்பு. எங்கள் ஊர் சொதிக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். இரண்டாம் தரம் கேட்டபோது பரிமாறியவர், "சிலோன்காரங்களுக்கு எங்க கடப்பா பிடிச்சுடுச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் வாய் திறந்து இரண்டு வார்த்தைதான் சொல்லியிருந்தேன்.

ஆள் சேர்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் சேகர், பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடி ஹாலைப் பிடித்திருந்தார். எங்கள் பழைய பூங்காவின் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகியவர். ஹால் நிறையப் பெண்கள். கையில் கோப்பு, தலையில் பூ, சிலருடன் அப்பாக்கள். பார்த்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் வந்த பெண்ணிடம், "நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"கத்துக்குவேன் மேடம்."

இரண்டாவது பெண், "ஸ்கூல்ல கபடி ஆடியிருக்கேன் மேடம்" என்றாள். மூன்றாவது பெண் பொறியியல் படித்தவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லைஃப்ன்னு போட்டிருந்தாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி வேலைன்னு நெனச்சு வந்தேன் மேடம். சாரி" என்றாள். அவளுடைய நேர்மைக்காகவே வேலை கொடுத்திருக்கலாம்.

அடுத்து வந்தவளிடம், உங்கள் ஊரில் ஆறு இல்லையா என்று கேட்டேன். "வீட்டுக்குப் பின்னாடியே ஆறு மேடம். அண்ணன்லாம் பாலத்துலேருந்து குதிப்பாங்க. என்னைய விட மாட்டாங்க. வயசுக்கு வந்தப்பறம் படித்துறையோட சரி." இதே பதிலை அன்று எத்தனை பேர் வாயால் கேட்டேனோ தெரியாது. ஊர்ப் பெயரும் ஆற்றின் பெயரும்தான் மாறின.

மத்தியானத்துக்குள் ஹால் காலியாகிவிட்டது. சேகர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "ஆறுகள் எப்படி இருக்கின்றன?" என்று அதில் கேட்டிருந்தார். ஆறுகள் நலம் என்று பதில் போட்டேன்.

அப்போதுதான் இரண்டு பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஒன்றாக வந்ததால் தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். மாடிப்படியில் சந்தித்துக்கொண்டவர்கள்.

ஒருத்தி வளர்மதி. முப்பது வயது, வலங்கைமான் பக்கம், குத்தகை நிலத்தில் விவசாயம். எங்கே நீந்தப் பழகினாய் என்றதற்கு, "பழகல்லாம் இல்லீங்க. எங்க வயலு அக்கரையில. பாலம் சுத்திப் போனா ரொம்ப நேரமாயிடும். சாப்பாட்டுத் தூக்கையும் மாத்துத் துணியையும் தலையில கட்டிக்கிட்டு நீந்தியே போயிடுவேன்" என்றாள். மற்றவள் நிஷா. முத்துப்பேட்டை, வளர்மதியைவிட நாலைந்து வயது இளையவள். கறுப்பு புர்க்கா. கணவர் அன்சாரி கதவருகே நின்றார். "நல்லா நீந்துவேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று கேட்டபோது, கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஊர்லதான்" என்றாள்.

உடனே தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட நினைத்தேன். சேகர் சொல்லி வைத்திருந்த நீச்சல் குளத்துக்குப் போனோம். தண்ணீரை வடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு வலங்கைமான்ல ஆத்துலயே வச்சுக்குவோம் மேடம்" என்றாள் வளர்மதி. "ரெண்டு ஆள் மட்டம் ஓடுது." நிஷாவின் முகம் வாடியது. ஆற்றங்கரையில், ஆண்கள் பார்க்க, அவளால் முடியாது. உனக்கு வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வலங்கைமான் போக நினைத்ததைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது. ஆவணி மாதம். சாலையோரமெல்லாம் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். மாதா சொரூபம் வைத்த சிறு தேரைத் தள்ளிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆரோக்கியசாமி ஒவ்வொரு கூட்டத்தைக் கண்டதும் வண்டியின் வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஓர் அறுவடை மெஷின் முன்னால் வந்து சேர்ந்தது. குறுவை அறுப்புக்குப் போகிறதாம். சாலையின் முழு அகலமும் அதற்கே சரியாக இருந்தது. வளைகுடாவில் நாங்கள் இருக்கிற நகரத்தில் எட்டு வழிச் சாலையில் யாராவது ஒரு நொடி தாமதித்தால் ஹாரன் கிழிந்துவிடும். இங்கே பின்னால் வந்த பேருந்துக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்தார்.

வளர்மதியும் அவள் கணவர் கண்ணனும் குடமுருட்டிக் கரையில் காத்திருந்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன். மணலுக்கு நடுவே முழங்கால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு கொக்கு நின்றது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் ஆள் முங்கற தண்ணி மேடம்" என்றாள் வளர்மதி. ஆற்றை அவளே குடித்துவிட்டது போலக் குரல் இறங்கியிருந்தது.

"முறை மாத்திட்டாங்க" என்றார் கண்ணன். "எல்லா ஆத்துலயும் ஒண்ணா வுடற அளவுக்குத் தண்ணி பத்தல. அதனால முறை வச்சு வுடறாங்க. இந்த வாரம் பக்கத்து ஆத்துக்குப் போவுது. திரும்ப நம்ம முறை வரும்."

வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். சேகரைக் கூப்பிட்டேன். அவர் யோசித்துவிட்டு, முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே பெரிய காயல் இருக்கிறது, கடல் மாதிரி விரிந்து கிடக்கும், ஆள் நடமாட்டம் கிடையாது, இரண்டு பேரையும் அங்கேயே பார்த்துவிடலாம் என்றார். வளர்மதி கண்ணனைப் பார்த்தாள். "போயிட்டு வா. மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் ஒரு துணிப்பையோடு காரில் ஏறிக்கொண்டாள்.

முத்துப்பேட்டையில் நிஷாவும் அன்சாரியும் சேர்ந்துகொண்டார்கள். படகு ஆற்றில் போய், இரண்டு பக்கமும் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த காட்டுக்குள் நுழைந்தது. புதிய பூங்காவில் மிதவையில் உட்கார்ந்து சுற்றி வருகிற ஓடை ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். அதன் கரையில் கண்ணாடியிழையில் செய்த அலையாத்தி வேர்கள் வரவிருந்தன. மாதிரியை அறையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. இங்கே வேரின் மேல் ஒரு நண்டு ஏறி நின்று எங்களை முறைத்தது.

காயல் விரிந்தது. அக்கரை தெரியாத தண்ணீர். எனக்கு மனது நிறைந்துவிட்டது. படகோட்டியிடம் ஆழம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் படகிலிருந்து இறங்கி நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது.

"நடுவிலயும் இவ்வளவுதானோ?"

"இவ்ளோதாம்மா. சேறுதான் ஆழம்."

வளர்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எனக்கும் வந்தது. நிஷா மட்டும் சிரிக்காமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"எங்க தெருக் குளத்துல வச்சுக்கலாமே மேடம்."

"என்ன குளம்?"

"பொம்பளைங்க குளிக்கிற குளம். சுத்தி மதிலு. நான் நீந்துறது அங்கதான்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"அது வெளியாளுங்க வர்ற இடமில்ல மேடம். தெருவுல கேக்காம எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

அன்சாரி, "கல்யாணம் ஆகி இத்தனை வருசம் ஆச்சு. உள்ள குளம் வட்டமா சதுரமான்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

நிஷா தெருவில் கேட்கப் போன நேரத்தில் எங்களுக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு. இறால் குழம்பு, பொரித்த மீன், கடைசியில் ஒரு கிண்ணத்தில் பழுப்பாக ஆடுகிற இனிப்பு. தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, ஏலம். "வட்டிலப்பம்! இது எங்கட ஊர்ச் சாமான்" என்று கத்திவிட்டேன். "வட்லாப்பம். இது எங்க ஊரு" என்றார் அன்சாரி. இரண்டாவது கிண்ணம் முடிகிறவரை வழக்கு தீரவில்லை.

பிறகு அவர் பேச்சை மாற்றினார். மனைவி இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்கிறார் என்று புரிந்தது.

"நான் அங்க டயர் கடையில இருந்தவன் மேடம். முதுகு போயி வந்துட்டேன். இப்ப இங்க செல்போன் கடை. ஒரு ரூமுல அடுக்குக் கட்டில் போட்டு எத்தனை பேரு படுத்திருப்போம்னு உங்களுக்குத் தெரியும். மக பொறந்ததை போன்லதான் பாத்தேன். அந்த இடத்துக்கு இவள அனுப்பச் சொல்றீங்களா?"

விற்பனை வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். அவர் முன்னால் அவை வரவில்லை. அறைக்கு இரண்டு பெண்கள், பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கும், வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரலாம் என்றேன். வெயில் கொடுமையானது என்றும் சொன்னேன். நின்றுகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு கணம் எடுத்தால் ஒரு பிள்ளை போய்விடும். ராத்திரி கண்ணை மூடினாலும் தண்ணீர்தான் தெரியும். "முதல் வருசம் நான் தினமும் அழுதேன்" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு பிள்ளையைத் தூக்கினேன். அழுறது நிண்டுட்டுது."

அவர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மொதல்ல அவ பாஸாவட்டும்" என்றார்.

தெருவில் சம்மதித்துவிட்டார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் உள்ளே போனோம். ஆளுயர மதிலுக்குள் பச்சைத் தண்ணீர், நாலு பக்கமும் படிகள். அன்சாரியும் ஆரோக்கியசாமியும் வெளியே மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். படிகளில் தெருப் பெண்கள் எல்லோரும் இடம் பிடித்துவிட்டார்கள். எங்கள் பூங்காவில் நுழைவுச் சீட்டு வாங்கி வருகிற கூட்டத்துக்குக்கூட இத்தனை ஆர்வம் இருந்து நான் பார்த்ததில்லை.

நிஷா புர்க்காவைக் கழற்றிவிட்டு நீளச் சுடிதாரோடு இறங்கினாள். இரண்டாவது வீச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தமில்லாத நீச்சல். சொன்ன தூரத்தைக் கொடுத்த நேரத்துக்குள் முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் நின்றாள். வளர்மதி அப்படி இல்லை. தலையை உயர்த்திக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் குறுக்கே போகிறவள் மாதிரி அடித்து அடித்துப் போனாள். ஆறு அவளைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். நின்ற தண்ணீர் எதுவும் உதவி செய்யவில்லை. பாதிக்கு மேல் போனதும் படியைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து செங்கல். கறுப்புக் கட்டியை நடுக்குளத்தில் போட்டேன். வளர்மதி ஒரே முங்கில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் விழுகிற சாப்பாட்டுத் தூக்கை எத்தனையோ தடவை எடுத்தவள். நிஷா மூழ்கினாள், வெறுங்கையோடு வந்தாள். மறுபடி மூழ்கினாள், மறுபடியும் வெறுங்கை. பாதி ஆழத்திலேயே திரும்பிவிடுகிறாள் என்று தெரிந்தது.

"என்னம்மா?"

"நடுவுல பழைய கெணறு இருக்குன்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க மேடம். போனா வர முடியாதாம்" என்றாள். படியிலிருந்த ஒரு மாமி, "ஆமா, இருக்கு" என்று உறுதிப்படுத்தினார்.

கடைசியாக, தவிக்கிற ஆளைக் கரைசேர்ப்பது. வளர்மதி தவிக்கிறவளாக நடிக்க வேண்டும். அவளுக்கு நடிக்கத் தெரியவில்லை. நிஜமாகவே கழுத்தைக் கட்டிப் பிடித்து இரண்டு பேரையும் உள்ளே இழுத்துவிட்டாள். படிகளில் சத்தம் நின்றது. நான் குதிக்கத் தயாரானேன். அதற்குள் நிஷா பிடியிலிருந்து நழுவி, பின்பக்கம் வந்து, அவள் தாடையைத் தாங்கிக்கொண்டு மேலே வந்தாள். இழுத்து வரும் வழியெல்லாம் அவள் காதருகே பேசிக்கொண்டே வந்தாள். "ஒண்ணுமில்லக்கா. புடிச்சிருக்கேன். மேல பாருங்க, வானத்தப் பாருங்க." பயிற்சி முடித்தவர்களே இதை மறந்துவிடுவார்கள். இழுப்பார்கள், பேசமாட்டார்கள். திருப்பிச் செய்ததில் வளர்மதியும் நிஷாவை நன்றாகவே கரைசேர்த்தாள்.

ஆக ஆளுக்கு ஒன்றில் தோல்வி. எல்லாவற்றிலும் தேறினால்தான் வேலை. நாளைக் காலை மறுபரீட்சை என்றேன். வளர்மதி நிஷா வீட்டிலேயே தங்கினாள். நான் கிளம்பும்போது இரண்டு பேரும் மறுபடி குளத்தில் இருந்தார்கள். "மூஞ்சிய உள்ள வைங்கக்கா, கழுத்து வலிக்காது" என்று ஒரு குரல். "கெணறாவது ஒண்ணாவது. காலை முன்னாடி விட்டுத் துழாவு. தரை தட்டும்" என்று மற்றொரு குரல்.

காலையில் படிகளில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. கட்டியைப் போட்டேன். நிஷா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு மூழ்கினாள். நேரம் போனது. குமிழிகள் மட்டும் வந்தன. வளர்மதி தண்ணீரின் ஓரத்தில் குந்தி, ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். பிறகு தண்ணீர் உடைந்தது. நிஷா ஒரு கையை உயர்த்திக்கொண்டு வந்தாள். கையில் சேறு வழிகிற செம்பு ஒன்று.

"யா அல்லாஹ்! என் செம்பு!" என்று அந்த மாமி எழுந்து நின்றார். கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளைச் செம்பாம். மருமகள்தான் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று இத்தனை காலமும் பேசிக்கொண்டிருந்தாராம். மருமகளும் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள். குளம் முழுதும் சிரிப்பில் அதிர்ந்தது. மதிலுக்கு வெளியிலிருந்து அன்சாரி, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கத்தினார்.

"கெணறு இல்ல!" என்று நிஷா உள்ளேயிருந்து கத்தினாள். "சேறுதான்!" செம்பைப் படியில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே மறுபடி மூழ்கி, கறுப்புக் கட்டியோடு வந்தாள்.

வளர்மதியின் முறை வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் தொடங்கினாள். ஒரே சாயங்காலத்தில் அத்தனை மாற்றம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் படிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கடைசிச் சுற்றுகளில் பழைய பழக்கம் வந்துவிட்டது. தலை மேலே, கைகள் அடி அடியென்று. தூரத்தை முடித்தாள். ஆனால் கடிகாரம் அவளுக்கு முன்பே முடித்திருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேரம் தவறியது வேறு யாருக்கும் தெரியாது, கடிகாரம் என் கையில்தான் இருந்தது. ஆனால் அவள் காவல் இருக்கப்போகிற தண்ணீரில் யாருடைய பிள்ளையோ இருக்கும்.

"இந்த முறை இல்லை, வளர்மதி" என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்து முடியைப் பிழிந்தாள். நிஷா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து வளர்மதி நிமிர்ந்தாள். "எங்க ஆத்துல அடுத்த வாரம் தண்ணி வந்துடும். தை வரைக்கும் ஓடும். அதுக்குள்ள முடிச்சுட்டா எடுத்துப்பீங்களா?"

"எடுப்பன்."

"தண்ணிக்கு எதுத்தாப்புல நீந்திப் பழகறேன்" என்றாள்.

வெளியே வந்ததும் நிஷா கணவர் முன்னால் போய், ஈர முடி புர்க்காவை நனைக்க, நின்றாள். அன்சாரி அவளைப் பார்த்து, "கெணத்துக்குள்ளயே போயிட்டு வந்துட்டியாமே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நோன்பு மாதத்தில் வேலை நேரம் எப்படி, நிற்கிற இடத்தில் நிழல் உண்டா, வாரத்துக்கு எத்தனை நாள் மகளோடு வீடியோவில் பேசலாம் என்று வரிசையாகக் கேட்டார். சம்மதம் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் ஆரோக்கியசாமி, "இந்த வயசுல நீச்சல் கத்துக்க முடியுமா மேடம்?" என்று கேட்டார். முடியும் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை; எனக்குத் தெரிந்த ஒரே குளத்துக்குள் அவரால் போக முடியாது.

"மொத்தம் ஒரு ஆளா?" என்றார் மேலாளர். "ஒன்றரை" என்றேன். அவர் ஓர் இடத்தை மட்டும் விட்டுவைத்து, மீதிப் பேரைப் பழைய இடத்திலேயே எடுத்தார். எனக்கு வலித்தது.

ஆனால் ஆறு சொன்னபடி ஓடியது. வளர்மதி வாரா வாரம் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தோடு முத்துப்பேட்டை போய் வந்தாள். நிஷா விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் அந்தக் குளத்தில் தெருப் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மார்கழியில் ஒரு நாள் வீடியோவில் வளர்மதியின் மறுபரீட்சையை வைத்தேன். நிஷாவின் மகள்தான் படியில் ஓடி ஓடிப் படம் பிடித்தாள். படம் ஆடிக்கொண்டே இருந்தது. கடிகாரம் ஆடவில்லை. வளர்மதி அதை முந்திவிட்டாள். மூன்றாவது பூங்காவுக்கு ஆள் எடுக்க அந்தத் தெருவிலிருந்தே இப்போது விண்ணப்பங்கள் வருகின்றன என்று சேகர் சொல்கிறார். மதிலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

புதிய பூங்கா திறந்த அன்று நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். நிஷா அலைக்குளத்தின் உயர நாற்காலியில். வளர்மதி பெரிய சறுக்கின் படிக்கட்டடியில், தொப்பியும் விசிலுமாக. வாசலைத் திறந்ததும் பல நாட்டுச் சிறுமிகள் ஒரே கூச்சலாக ஈரப் படிக்கட்டை நோக்கி ஓடி வந்தார்கள். மெதுவாக நடக்கவும் என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் சொல்ல ஒரு மாதம் பழக்கியிருந்தோம். வளர்மதி விசிலை ஊதினாள். யாரும் நிற்கவில்லை.

"ஏய்! ஓடாதீங்க! வழுக்கி விழுந்துடப் போறீங்க!"

அக்கரை வயலில் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற குரல் அது. அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்து ஏறினாள். மற்றவர்களும் அப்படியே ஏறினார்கள்.

மேலாளர் எங்கள் பக்கம் வர முடியாது. மதிலுக்கு அப்பாலிருந்து வாக்கிடாக்கியில் கேட்டார்: "என்ன சத்தம் அது? அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா?"

"எல்லோரும் நடந்துதான் போகிறார்கள்" என்றேன்.